சந்தனமா, வைக்கோலா? உங்கள் தரை என்ன சொல்கிறது

கேள்வி: கும்பகோணத்தில் மாமனார் கட்டிய பழைய வீடு எங்களுடையது. பொங்கலுக்கு முன் ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். தரை ரெட் ஆக்சைடு, அதை மாற்றும் எண்ணம் இல்லை. கதவு, நிலை எல்லாம் தேக்கு. வாசல் வடக்குப் பார்த்தது, கிழக்கே ஒரு பெரிய ஜன்னல் உண்டு. இப்போது சுவரில் இருப்பது பிஸ்தா பச்சை. ஷேடு கார்டைப் புரட்டிப் புரட்டிக் கடைசியில் இரண்டு நிறங்களில் வந்து நிற்கிறோம். இரண்டுமே மஞ்சள் கலந்த பீஜ். ஒன்று கொஞ்சம் சிவந்தாற்போல் இருக்கும். வீட்டில் அதற்குச் 'சந்தனம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். இன்னொன்று சற்று மங்கலானது, அது 'வைக்கோல்'. கணவருக்குச் சந்தனம் பிடித்திருக்கிறது. எனக்கு வைக்கோல். ஆனால் அடித்து முடித்தபின் அழுக்கேறிய பழைய சுவர் மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மாமியார், "ரெண்டும் ஒண்ணுதானே, எதையாவது அடிங்க" என்கிறார். பெயிண்டரும் எதுவானாலும் சரி என்கிறார். எல்ஆர்வி என்று சந்தனத்துக்கு 70, வைக்கோலுக்கு 66 போட்டிருக்கிறது. ஹால் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடி, உயரம் பத்து. எதை அடிக்கலாம்?
— ஒரு வாசகி

பதில்:

வைக்கோல் அடியுங்கள். உங்கள் கணவரிடம் சொல்லக் காரணம் வேண்டுமே, அதற்காக மீதியை எழுதுகிறேன்.

இரண்டு நிறங்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது அட்டையைப் பார்த்து எது அழகு என்று கேட்டுப் பயனில்லை. இரண்டுமே அழகாகத்தான் இருக்கும், விற்பதற்காக அச்சடித்த அட்டை அது. உங்கள் ஹாலில் ஏற்கெனவே இருக்கிற பொருள்களும் அங்கே வருகிற வெளிச்சமும் அந்த நிறத்தை எந்தப் பக்கம் இழுக்கும் என்று பாருங்கள். மாற்றப்போவதில்லை என்று ஒரு பொருளைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தரைதான் இங்கே முடிவு சொல்லப் போகிறது.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். காலை எட்டு மணி வாக்கில் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழும்போது ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சுவரில், ஸ்கர்ட்டிங்குக்கு ஓரடி மேலே, தாளைச் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள். வெள்ளைத் தாள் லேசாக ரோஸ் அடிக்கும். அப்படியே மெல்ல மேலே நகர்த்துங்கள். இடுப்பு உயரத்தில் அந்த ரோஸ் குறையும், தலைக்கு மேலே போனால் ஏறக்குறைய மறைந்துவிடும். தரையில் பட்ட வெயில் அங்கிருந்து சிவப்பை எடுத்துக்கொண்டு சுவரில் ஏறுகிறது. வெள்ளைத் தாளிலேயே தெரிகிறது என்றால், ஏற்கெனவே சிவப்புப் பக்கம் சாய்ந்திருக்கிற சந்தனத்தில் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். சுவரின் கீழ்ப்பாதி பீச் நிறத்துக்குப் போய்விடும். கொஞ்ச நாளில் "நாம மஞ்சள்தானே கேட்டோம், கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டானா?" என்று வீட்டில் பேச்சு வரும்.

இதற்கு உள்ளே ஒரு காரணம் இருக்கிறது. கடையில் டின்டிங் மெஷின் இந்த மாதிரி பீஜ் நிறங்களை வெள்ளை பேஸில் பெரும்பாலும் மூன்றே மூன்று சாயங்களைச் சொட்டு விட்டுத் தயாரிக்கும்: மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, கறுப்பு. மஞ்சளும் சிவப்பும் இரண்டுமே இரும்பு ஆக்சைடு வகைகள். உங்கள் தரைக்குச் சிவப்பைக் கொடுத்ததும் அதே குடும்பம்தான். சந்தனம் சிவந்து தெரிவதற்குக் காரணம் அதில் விழும் சிவப்பு ஆக்சைடு. வைக்கோலில் அது குறைவாகவும், கறுப்பு ஒரு துளி கூடுதலாகவும் இருக்கும். மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் நிறம் வெறுமனே அடர்த்தியாவதில்லை, லேசாகப் பச்சைப் பக்கம் போகும். அதைத்தான் நீங்கள் மங்கல் என்கிறீர்கள். தரையிலிருந்து வரும் சிவப்பு அந்த மெல்லிய பச்சையை அடக்கிவிடும். ஆக உங்கள் ஹாலில் வைக்கோல் அட்டையில் இருப்பதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாகத் தெரியும், சந்தனம் தேவைக்கு மேல் சிவக்கும்.

நான் ஊகமாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் கடையில் போய்ப் பாருங்கள். ஷேடு எண்ணைத் தட்டினால் கம்ப்யூட்டர் திரையில் ஃபார்முலா வரும், எந்தச் சாயம் எவ்வளவு என்று. நல்ல கடைக்காரர் என்றால் காட்டுவார். அவர் மறுத்தாலும் அட்டையிலேயே ஒரு வழி இருக்கிறது. உங்கள் நிறம் இருக்கும் அதே பட்டையில் கடைசியாக உள்ள, ரொம்ப அடர்த்தியான நிறத்தைப் பாருங்கள். வெளிர் நிறம் தன் குணத்தை ஒளித்து வைத்திருக்கும், அதன் அடர்த்தியான உறவு மறைக்காது. சந்தனத்தின் பட்டை அடியில் செங்காவியில் போய் முடிகிறதா, வைக்கோலின் பட்டை கடுகு நிறத்திலோ பாசி நிறத்திலோ முடிகிறதா என்று பாருங்கள். நிறம் பார்க்க எத்தனையோ வழிகள் சொல்வார்கள். எனக்கு இதைவிடச் சுலபமான ஒன்று தெரியாது.

எல்ஆர்வி பற்றி. சுவரில் படும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பதன் அளவு அது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று கணக்கு. உங்கள் இரண்டுக்கும் நடுவே 4 புள்ளி வித்தியாசம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும், தனித்தனியே பார்த்தால் யாரும் சொல்ல முடியாது. அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

இந்த இடத்தில் உங்கள் மாமியார் சொன்னது பாதி சரி. அட்டையில் இரண்டு நிறங்களும் தோளோடு தோள் நிற்பதால் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. சுவரில் ஒன்றுதான் இருக்கப்போகிறது, ஒப்பிட இன்னொன்று இருக்காது. ஆனால் தரையும் தேக்கு நிலையும் தினமும் பக்கத்தில் இருக்கும். அவற்றோடு ஒத்துப்போகிறதா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

அடுத்தது, கொஞ்சம் வம்பான விஷயம்: ராத்திரி வெளிச்சம். ஹாலில் என்ன லைட் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான வீடுகளைப் போல 'கூல் டேலைட்' என்று போட்ட எல்இடி டியூப்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அட்டைப் பெட்டியில் 6500கே என்று இருக்கும். கே (கெல்வின்) என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் கூடினால் நீலம் ஏறும், குறைந்தால் மஞ்சள் ஏறும். அந்த வெளிச்சத்தில் நீலம் தூக்கலாகவும் சிவப்பு குறைவாகவும் இருக்கும். பகலில் தரை கொடுத்த சிவப்பு ராத்திரியில் அந்த அளவுக்கு இருக்காது. அப்போது வைக்கோலில் அடங்கியிருந்த பச்சை தலைதூக்கி, சுவர் சோகை பிடித்த மாதிரி நிற்கும். நீங்கள் பயப்படுகிற 'அழுக்கேறிய பழைய சுவர்' இதுதான். பயம் நியாயமானது, ஆனால் குற்றம் பெயிண்டில் இல்லை. சந்தனம் இந்த டியூப்புக்குக் கீழே நன்றாகத்தான் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் அட்டையை ராத்திரியில், ஆபீஸ் விட்டு வந்து பார்த்திருப்பார் என்று ஒரு சந்தேகம்.

டியூப்பை மாற்றுவது பெயிண்டை மாற்றுவதைவிடப் பல மடங்கு மலிவு. 'நேச்சுரல் ஒயிட்' என்று 4000கே-யில் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். 3000கே 'வார்ம் ஒயிட்' இன்னும் மஞ்சளாக இருக்கும். டி.வி. பார்க்கவும் பேசவும் இதம்தான், ஆனால் பிள்ளைகள் அதே ஹாலில் படிக்கிறார்கள் என்றால் எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண்ணும் இருக்கும், பொருள்களின் நிறத்தை அந்த லைட் எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதன் அளவு அது. 80க்குக் குறைந்ததை வாங்காதீர்கள், 90 கிடைத்தால் இன்னும் நல்லது. சிஆர்ஐ குறைந்த லைட்டில் தேக்குக் கதவுகூட உயிரில்லாமல் தெரியும்.

பகல் வெளிச்சத்துக்கு வருவோம். வடக்குப் பார்த்த அறை என்றால் வெளிச்சம் எப்போதும் நீலம் கலந்து குளிர்ச்சியாக இருக்கும், அதனால் சிவந்த நிறத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சரி. கும்பகோணம் வடக்கு அட்சரேகை 11 பாகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் மூன்றாவது வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு வாசல் வழியாகச் சாய்வாக வெயில் உள்ளே வரும். மார்கழியில் ஒரு பொட்டு வெயில் வராத அதே வாசலில் சித்திரையில் தரை மின்னும். நீங்கள் இப்போது, பொங்கலுக்கு முன், நிறம் பார்க்கிறீர்கள். வடக்குப் பக்கம் வருஷத்திலேயே வெயில் இல்லாத காலம் இது. தரைச் சிவப்பு சுவரில் ஏறுவதும் அந்தப் பக்கம் இப்போதுதான் மிகக் குறைவு. இன்று சந்தனம் 'பரவாயில்லையே' என்று தோன்றினாலும் கோடையில் இன்னும் சிவக்கும். இன்று வைக்கோல் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் அது கோடையில் தெளியும். மார்கழியில் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு விட்டுப்போவது சகஜம்.

சரி, என் பேச்சை மட்டும் நம்பிப் பணத்தைப் போடாதீர்கள், அடித்துப் பாருங்கள். ஆனால் பெயிண்டர்கள் வழக்கமாகச் செய்வது போல இருக்கிற சுவரிலேயே நடுவில் இரண்டு பட்டை இழுத்துப் பார்க்க வேண்டாம். சுற்றிலும் பிஸ்தா பச்சை இருக்கும்போது நடுவில் உள்ள எந்த பீஜும் ரோஸ் பக்கம் போனது போல் கண்ணுக்குத் தோன்றும். இது நம் கண்ணின் பழக்கம். பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவில் இருந்த வேதியியலாளர் ஷெவ்ரூல், கறுப்பு நூல் சரியாக ஏறவில்லை என்று வந்த புகாரை ஆராயப் போனார். சாயத்தில் பழுதே இல்லை, பக்கத்தில் ஓடிய நீல நூல்தான் கறுப்பை மட்டமாகக் காட்டியது என்று கண்டுபிடித்தார். இதையெல்லாம் விரிவாக 1839இல் எழுதியும் வைத்தார். உங்கள் பச்சைச் சுவர் செய்வதும் அந்த நீல நூல் செய்த வேலைதான்.

அதனால் பலகையில் அடியுங்கள். இரண்டடிக்கு இரண்டடி ஹார்டுபோர்டு, ஒரு நிறத்துக்கு இரண்டு துண்டு, மொத்தம் நான்கு. பிரைமர் ஒரு கோட், அது காய்ந்தபின் எமல்ஷன் இரண்டு கோட். ஓரத்தில் சுற்றிலும் இரண்டு அங்குலம் வெள்ளையாகவே விட்டுவிடுங்கள், பச்சைச் சுவர் நிறத்தோடு ஒட்டாமல் இருக்கும். சாம்பிள் டப்பா கிடைத்தால் அது போதும், இல்லையென்றால் ஒரு லிட்டர் வாங்க வேண்டியிருக்கும். அடித்தவுடன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்தபின் பெரும்பாலும் சற்று அடர்த்தியான நிறம். ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

ஒரு நிறத்துக்கு ஏன் இரண்டு பலகை என்றால், சுவர் மூலையில் ஒன்றையொன்று பார்க்கும்படி செங்கோணமாக வைத்துப் பார்க்க. நான்கு சுவரும் ஒரே நிறமாக இருக்கும்போது வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு அடுத்த சுவருக்குப் போகும், அப்படியே நிறமும் ஏறிக்கொண்டே போகும். அட்டையில் பார்த்ததைவிடச் சுவரில் மஞ்சள் எப்போதும் ஒரு படி தூக்கலாக வருவது இதனால்தான். மூலையில் வைத்த இரண்டு பலகைகள் சந்திக்கும் மடிப்பைப் பாருங்கள். முழு ஹாலும் அடித்தபின் வரப்போகிற நிறத்துக்கு அந்த மடிப்பு பலகையின் நடுவைவிடப் பக்கத்தில் இருக்கும்.

பலகையைத் தரையோடு ஒட்டி ஒரு முறை, தேக்கு நிலைக்குப் பக்கத்தில் ஒரு முறை, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு முறை வையுங்கள். காலை, உச்சி, சாயங்காலம், டியூப் போட்டபின் என்று பார்த்துவிடுங்கள். முக்கியமாக, ஒரு நேரத்தில் ஒரு நிறத்தை மட்டும் பாருங்கள், மற்றதை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். போனில் போட்டோ எடுத்து அக்காவுக்கும் தங்கைக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்கவே கேட்காதீர்கள். கேமரா வெண்மையைத் தானாகச் சரிசெய்துவிடும், அதில் தெரிவது உங்கள் சுவரே இல்லை.

நிறம் முடிவானதும் கெடுவது பெரும்பாலும் கூரையில். சீலிங்குக்கு என்ன என்று கேட்டால் பெயிண்டர் யோசிக்காமல் பளீர் வெள்ளை என்பார். சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த காலத்திலிருந்து நமக்கு வெள்ளை என்றால் கொஞ்சம் நீலம் ஓடிய வெள்ளை. அதன் கீழே எந்த மஞ்சள் பீஜும் பழசாகத்தான் தெரியும். வைக்கோல் இருக்கும் பட்டையிலேயே ஆக வெளிறிய நிறம் எதுவோ, அதைச் சீலிங்குக்குப் போடுங்கள். பார்க்கிறவர்கள் வெள்ளை என்றுதான் நினைப்பார்கள்.

பளபளப்பில் ஆசைப்படாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரும் பழைய சுவரில் ஹை ஷீன் அடித்தால் பட்டி போட்ட மேடு பள்ளம் எல்லாம் எழுந்து நிற்கும். சாஃப்ட் ஷீன் போதும், பிள்ளைகளின் கைரேகையைத் துடைக்கவும் தாங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. டெல்டா வீடு, ஐப்பசி கார்த்திகை மழை இப்போதுதான் முடிந்திருக்கிறது. சுவரின் அடிப்பகுதியில் ஓதம் இருக்கிறதா, உப்பு பூத்திருக்கிறதா என்று பட்டி போடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். இருந்தால் பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தை விட்டுவிடுவது நல்லது. ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் எந்த நிறமானாலும் உரியும்.

சந்தனத்தை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. வெள்ளையோ ஐவரியோ டைல்ஸ் போட்ட படுக்கையறை இருந்தால் அங்கே அது அழகாக உட்காரும், வார்ம் ஒயிட் லைட் போட்டால் இன்னும். உங்கள் கணவரோடு பேரம் பேச அது உதவும்.

வாங்கும் கணக்கு: ஹாலின் சுற்றளவு 60 அடி, உயரம் 10, ஆக 600 சதுர அடி. வாசல், ஜன்னல், அலமாரிக்கு ஒரு 100 கழித்தால் 500. பட்டி, பிரைமர் போட்ட சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 100 முதல் 120 சதுர அடி வரும் என்று வையுங்கள். ஐந்து லிட்டர் வேண்டும். நான்கு லிட்டர் டப்பா ஒன்று, ஒரு லிட்டர் ஒன்று, இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் டின்ட் செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பெரிய வாளியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கிவிட்டுத்தான் அடிக்க ஆரம்பிக்க வேண்டும். இவ்வளவு மெல்லிய நிறத்தில் சாயம் ஒரு சொட்டு முன்னே பின்னே விழுந்தாலும் ஒரு சுவருக்கும் அடுத்த சுவருக்கும் வித்தியாசம் காட்டும். மிச்சத்தை மூடி இறுக்கி வைத்து, டப்பா மேல் ஒட்டிய ஃபார்முலா ஸ்டிக்கரைக் கிழிக்காமல் விடுங்கள். அடுத்த வருஷம் பிளம்பர் சுவரை உடைத்தால் அதே நிறத்தை மறுபடி கலக்க அந்த ஸ்டிக்கர் வேண்டும்.